பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹீட்டர் சூடாகவில்லையா, ஒழுகுகிறதா? கடைமடையிலிருந்து தேடுங்கள்

ஒரு மே மாதம் மதியம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் இரண்டு பஸ், ஒரு நெல் லாரி. பின்னால் எவ்வளவு தூரம் வண்டிகள் நின்றன என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு 1971 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வெப்ப முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் கொதிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனைப் போட வேண்டும். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினிலிருந்து கொஞ்சம் சூட்டை இழுத்து நம் காலடியில் விடும். நமக்கு வேர்க்கும், எஞ்சின் பிழைக்கும். குமிழைத் திருப்பினேன். வெளிக்காற்று எந்தச் சூட்டில் இருந்ததோ அதே சூட்டில்தான் உள்ளேயும் வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, கேட் திறந்ததும் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினோம்.

ஆறிய பிறகு பானட்டைத் திறந்து பார்த்தேன். ஹீட்டருக்குப் போகும் ஹோஸுக்குள் ஒரு போல்ட்டைச் செருகி, மேலே கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். எப்போதோ ஒரு பட்டறையில் செய்த வேலை. உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு தம்பி? ஒழுகியிருக்கும், அடைச்சிருப்பாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. காவிரி டெல்டா முழுக்க அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நம் ஊருக்கும் ஹீட்டர் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் பூத்துப்போனால் ஏ.சி. இல்லாத பழைய காரில் அதைத் துடைக்க வேறு வழி கிடையாது. மார்கழி விடியலில் வயல்களுக்கு நடுவே போகும் சாலையில் பனி இறங்கியிருக்கும்போதும் அப்படியே. கொடைக்கானல் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கு ஹீட்டர்தான் கடைமடை, வாய்க்காலின் கடைசியில் பாயும் இடம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து ஆறு, வாய்க்கால் என்று இறங்கி வருகிறது. வரத்து குறைந்தாலும், வழியில் மண் மேடிட்டாலும், மதகு சரியாகத் திறக்காவிட்டாலும் முதலில் காய்வது கடைமடை வயல். காரிலும் அதேதான். தண்ணீர் அளவு குறைந்தால், பம்ப் தளர்ந்தால், உப்பு படிந்தால், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கெட்டால் முதலில் ஹீட்டர் சொல்லும். வெப்ப முள் பிறகுதான் சொல்லும். அதனால் ஹீட்டரை அடைத்து வைப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

இனி வரும் விஷயங்களை எம்.ஜி.பி.யை வைத்தே சொல்கிறேன். பத்மினி, எஸ்டீம், ஜென் எதுவாக இருந்தாலும் தேடும் முறை பெரும்பாலும் இதுதான். பாகங்கள் இருக்கும் இடம் மாறும். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை வந்த இரண்டு கதவு கார். அதன் 1798 சி.சி. எஞ்சினும் நம் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஒரே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) குடும்பம். பழைய அம்பாசடர் பார்த்த மெக்கானிக் இந்த பானட்டைத் திறந்தால் தடுமாற மாட்டார். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் ஒரு வால்வு. அதிலிருந்து அரை அங்குல ஹோஸ் வழியாகச் சூடான தண்ணீர் ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கும் கோருக்கு, அதாவது அந்தச் சின்ன ரேடியேட்டருக்குப் போகிறது. திரும்பி வரும் தண்ணீர் ஒரு உலோகக் குழாய் வழியே ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் பக்கம் போய்ச் சேர்ந்து பம்புக்கு வருகிறது. டேஷ்போர்டில் உள்ள குமிழ் ஒரு கேபிளை இழுத்து அந்த வால்வைத் திறக்கிறது.

வேலையைத் தொடுமுன் இரண்டு எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். நம் வெயிலில் எஞ்சின் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். மேல் ஹோஸை உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க முடிந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். அடுத்து, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் விஷம், அதுவும் இனிக்கும் விஷம். நாய், கன்றுக்குட்டி, கோழி, சின்னப் பிள்ளைகள் எல்லாரும் நடமாடும் கொல்லையில்தான் நாம் வண்டி வேலை பார்க்கிறோம். கீழே தட்டு வைத்துப் பிடித்து மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றவே கூடாது.

காற்று வருகிறது, சூடு இல்லை

அதிகம் வரும் புகார் இது. எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். பிறகு ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ் இரண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டு ஹோஸும் சொல்வதை வைத்தே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

இரண்டும் குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் ஹீட்டருக்குப் போகவே இல்லை. முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், ஆறிய பிறகு. மட்டம் சரி என்றால் ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வால்வின் நெம்புகோலைக் கவனியுங்கள். பல வண்டிகளில் குமிழ் சுற்றும், கேபிள் நகரும், நெம்புகோல் பாதி தூரம்தான் போகும். கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்தால் உறையும் சேர்ந்து நகர்ந்துவிடும். உறையை இறுக்கிப் பிடிக்கவைத்து, நெம்புகோல் இரண்டு முனையையும் தொடும்படி கேபிளைச் சரிசெய்தால் போதும். செலவில்லாத வேலை. நெம்புகோல் முழுதாக நகர்ந்தும் சூடு இல்லை என்றால், ஆறிய எஞ்சினில் ஹோஸைக் கழற்றி வால்வு வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உப்பு படிந்து உள்ளே இறுகிப்போன வால்வுகள் நம் பக்கம் நிறைய. வால்வை மாற்றும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் பத்து நாளில் அங்கிருந்தே ஒழுகும்.

போகும் ஹோஸ் கொதிக்கிறது, திரும்பும் ஹோஸ் வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கிறது. நன்றாக இருக்கும் கோரில் இரண்டுக்கும் பத்து டிகிரி செல்சியஸ் அளவில்தான் வித்தியாசம் இருக்கும். 25, 30 என்று போனால் சந்தேகமே வேண்டாம். இது டெல்டாவின் சொந்த நோய் என்று சொல்வேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு. உள்ளே வந்தாலும் பல ஊரில் கடினத் தண்ணீர். அதையே வருடக் கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், அடுப்பில் வைத்த வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிவதுபோல கோரின் சன்னக் குழாய்களில் படியும். இன்னொன்று மஞ்சள்தூள். வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றும் வழக்கம் நம் டிரைவர்களிடம் உண்டு. ஆபத்துக்கு அது ஊர் கொண்டுவந்து சேர்க்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. ரேடியேட்டரைவிட ஹீட்டர் கோரின் வழிகள் குறுகல். தண்ணீர் மெதுவாக ஓடும் இடமும் அதுதான். அங்கேதான் போய்த் தங்கும். டப்பாவில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களும் அப்படியே. எங்கள் கோரைக் கழற்றியபோது உள்ளிருந்து மஞ்சள் களிம்பாக வந்தது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள், பிறகும் ஒழுகியதால் போல்ட் போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது.

இரண்டு ஹோஸும் நல்ல சூடு, காற்று மட்டும் வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் பக்கம் குற்றமில்லை. காற்று கோரின் ஊடே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது. பெட்டிக்குள் கோரைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஃபோம் ஐம்பது வருடத்தில் பொடிந்து கொட்டியிருக்கும். சில வண்டிகளில் காற்றுத் திருப்பும் தகடு முழுதாக மூடாமல் குளிர்காற்றையும் கலந்துவிடும். இதைத் தெரியாமல் புதுக் கோர் வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் பட்டையை வெட்டி, கோரின் நான்கு பக்கமும் பெட்டியோடு இறுக்கமாக உட்காரும்படி ஒட்டுங்கள். சாதாரண மெத்தை ஃபோம் வேண்டாம். ஈரத்தைக் குடித்துத் தகட்டைத் துருவேற்றும்.

இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு, வெப்ப முள்ளும் ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். திறந்தபடியே நின்றிருக்கும். நம் ஊரில் அதைவிட அதிகம் நடப்பது, யாரோ அதைக் கழற்றியே போட்டிருப்பது. 'சூடான ஊருக்கு தெர்மோஸ்டாட் வேண்டாம்' என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடும், ஆயிலில் ஈரம் தங்கிக் களிம்பாகும். இந்த எஞ்சினுக்கு 74, 82, 88 டிகிரி என்று மூன்று வகை உண்டு. 74 வெப்ப நாடுகளுக்கு என்று குறித்தது, 82 வழக்கமானது. நான் 82தான் வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் தஞ்சாவூர் வெயிலுக்கும் அது தாங்குகிறது. சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் திறக்கத் தொடங்க வேண்டும். சமையலுக்கு வைத்திருக்கும் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள்.

ஓடும்போது சூடு, நின்றால் ஆறிப்போகிறது

பெரும்பாலும் தண்ணீர் மட்டம் குறைவு. ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும்போது கடைமடை வரை ஏற்ற வலு இல்லை. மட்டம் சரியாக இருந்தால் பெல்ட்டைப் பாருங்கள்: நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. அப்புறம் பம்ப். அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது. துளையை அடைக்காமல் பம்பை மாற்றுங்கள்.

இந்த அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள். நீடாமங்கலம் கேட்டில் எனக்கு நடந்தது இதன் அடுத்த கட்டம். ஹீட்டர் வேலை செய்துகொண்டிருந்தால் மாசி மாதமே எனக்கு இது தெரிந்திருக்கும்.

டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம்

கிளம்பும்போது சலசல என்று ஓடையில் ஓடுவதுபோலக் கேட்டால் கோருக்குள் காற்று மாட்டியிருக்கிறது. கூலன்ட் மாற்றிய பிறகு வருவது சகஜம். வண்டியின் மூக்கு உயரும்படி நிறுத்த வேண்டும். சமவெளியில் வாழும் நமக்கு மேடு கிடைப்பது அரிது. ஆற்றங்கரைக்கு ஏறும் சரிவான பாதை நன்றாக உதவும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹீட்டர் வால்வை முழுதாகத் திறந்து, ஹீட்டரில் உயரத்தில் இருக்கும் ஹோஸைக் கழற்றி, புனல் வைத்து மெதுவாகக் கூலன்ட் ஊற்றுங்கள். குமிழி வருவது நின்று, ஹோஸிலும் கோரின் வாயிலும் தண்ணீர் தளும்பும்போது சட்டென்று மாட்டி கிளிப்பை இறுக்குங்கள். பிறகு ரேடியேட்டரை நிரப்பி, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது மீண்டும் நிரப்புங்கள். அது பொங்கத் தொடங்குமுன் மூடிவிடுங்கள்.

இப்படிச் செய்தும் வாரத்துக்கொரு முறை சத்தம் திரும்ப வந்தால் விஷயம் வேறு. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், சிலிண்டர் புகை தண்ணீரில் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதோடு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

சூடு இருக்கிறது, காற்று இல்லை

வைப்பர் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். எம்.ஜி.பி.யில் ஹீட்டர் ஃபேன், வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் பச்சை வயர் சுற்றில் ஒரே ஃபியூஸில் தொங்குகின்றன. எல்லாம் சேர்ந்து நின்றிருந்தால் ஃபியூஸ் அல்லது அதன் பிடி. ஃபேன் மட்டும் என்றால் மோட்டர் வயரில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரி 12.5 காட்டும்போது மோட்டரில் பத்துக்கும் கீழே என்றால் வழியில் எங்கோ தின்கிறது. கடற்காற்று படும் ஊர்களில் புல்லட் கனெக்டர்களும் எர்த் முனைகளும் பச்சைப் பூத்துக் கிடக்கும். சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மோட்டர் கிறீச்சிட்டால் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு மெல்லிய ஆயில் போதும். ஃபேன் சுற்றியும் காற்று மெலிவு என்றால், யாராவது மோட்டரைக் கழற்றி வயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். நிலைக்காந்த மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும், காற்று வரும், வலு இருக்காது.

அறுவடை முடிந்த காலத்தில் இன்னொரு காரணம் எலி. வயலில் தீனி குறைந்ததும் கொட்டகைக்கு வரும். ப்ளோயர் பெட்டி அதற்கு நல்ல வீடு. வைக்கோலும் துணிக்கந்தலும் உள்ளே இருந்தால் வெறும் கையால் இழுக்காதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து நனைத்து, பிறகு அள்ளுங்கள். காய்ந்த தூசியாகப் பெருக்க வேண்டாம். அப்படியே ஹோஸ்களையும் பாருங்கள். கடித்த தடம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கால் வைக்கும் இடம் ஈரம்

இங்கே நிறையப் பேர் அவசரப்பட்டு ஹீட்டரைக் குற்றம் சொல்கிறார்கள். முதலில் அது என்ன தண்ணீர் என்று பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள். பச்சையோ ஆரஞ்சோ நிறம் ஏறினால், விரலில் தேய்க்கும்போது வழுவழுத்தால், இனிப்பு வாசனை வந்தால் கூலன்ட். நிறமும் வழுக்கலும் இல்லை என்றால் மழைத் தண்ணீர். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலன்டே போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டி என்றால் இந்தச் சோதனை பலிக்காது. மழையில்லாத வாரத்தில் ஈரமாகிறதா, ரேடியேட்டர் மட்டம் குறைகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மழைத் தண்ணீர் என்றால் முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுக் கிரில் வழியாக உள்ளே இறங்குகிறது. அதன் அடியில் ஒரு அறை, அதிலிருந்து கீழே ஒரு ரப்பர் வடிகுழாய். வேப்பம்பூ, சருகு, தூசி எல்லாம் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்தால் தண்ணீர் நிரம்பி வழிந்து காலடிக்கு வரும். கிரிலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் வழிந்தால் குழாய் நலம். வரவில்லை என்றால் கீழிருந்து மெல்லிய வளையும் கம்பியால் நிமிண்டி எடுங்கள். காற்றழுத்தம் வைத்து ஊதினால் குழாய் கழன்றுகொள்ளும், பிறகு அதைத் திரும்ப மாட்டப் பாடுபட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையான பழைய கார்களில் பாதி இதனால்தான்.

கூலன்ட் என்றாலும் நேரே கோருக்குப் போகாதீர்கள். ஹோஸ் சேரும் இடம், கிளிப், வால்வின் கேஸ்கெட் மூன்றையும் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். எங்கோ ஒழுகி, பெட்டியின் அடி வழியே வேறெங்கோ சொட்டும். ஹோஸை மாற்றும்போது வெப்பம் தாங்கும் ஹீட்டர் ஹோஸாகவே வாங்குங்கள். தோட்டத்து பிளாஸ்டிக் டியூப் ஒரு வாரம் கூட நிற்காது.

கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலம், உள்ளே இனிப்பு வாசனை

இது கோர் ஒழுகலின் ஆரம்பம். தரைக்குச் சொட்டும் அளவு இன்னும் ஆகவில்லை. சூட்டில் ஆவியாகி, ஃபேன் காற்றோடு வந்து கண்ணாடியில் படிகிறது. துடைத்தால் இழுகும், மறுபடி வரும். மழைநாளில் பூக்கும் ஈரம் துணி பட்டதும் போய்விடும், இது போகாது. ராத்திரி எதிர்வண்டி விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகும். கோரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வழியில் இருக்கிறீர்கள், ஒழுகல் பெரிதாகிவிட்டது என்றால் ஹீட்டருக்குப் போகும், வரும் ஹோஸ் இரண்டையும் கழற்றி, அரை அங்குலச் செம்பு அல்லது பித்தளைக் குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணையுங்கள். போல்ட் போட்டு அடைப்பதைவிட இது நல்லது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுவதே ஹீட்டர் வழியாகத்தான்; அதை அடைத்தால் எஞ்சினுக்குள் ஓட்டம் தடைப்படும். வீடு சேர்ந்ததும் இணைப்பை எடுத்துவிட்டு வேலையைச் செய்யுங்கள்.

ஹீட்டரை மூடவே முடியவில்லை

அக்னி நட்சத்திரத்தில் காலடியில் அனல் வந்தால் அது சித்திரவதை. பலர் ஹீட்டரை அடைக்கச் சொல்வதே இதனால்தான். கேபிள் முழுதாக மூடுகிறதா என்று பார்த்தபின் வால்வை மாற்றுங்கள். புது வால்வு வரும் வரை ஹோஸின் நடுவில் ஒரு பித்தளை பால் வால்வு போட்டுக் கையால் மூடி வைக்கலாம்; ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் வால்வு கூடாது.

கோரைக் கழற்றிச் சரிசெய்வது

எம்.ஜி.பி.யின் ஹீட்டர் பெட்டி எளிதில் வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தகட்டு விளிம்புகள் கையைக் கிழிக்கும், தடித்த கையுறை போடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், 1974 வரை வந்தவற்றில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருக்கும். கூலன்டை வடித்து, ஹோஸ், ஃபேன் வயர், கேபிள்களை விடுவித்து, உள்ளேயிருந்து கண்ணாடிக்குப் போகும் காற்றுக் குழாய்களை உருவி, பெட்டியைச் சுற்றியுள்ள திருகுகளை எடுங்கள். பெட்டி பழைய ஃபோமில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடம் வலமாக மெல்ல ஆட்டி மேலே தூக்க வேண்டும். நெம்புகோல் போட்டால் தகடு வளையும், பிறகு காற்று அடைக்காது. எனக்கு ஒரு முழு நாள் ஆனது. கிளிப்புகளை எடுத்ததும் பெட்டி திறக்கும், கோர் கைக்கு வரும்.

வரும்வழியின் எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் அழுத்தம் போதும். மோட்டரிலிருந்து நேராக விட்டால் பழைய பற்றுகள் பிளந்துகொள்ளும். களிம்பு வருவது நின்றபிறகு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, கோருக்குள் நிரப்பி அரை மணி வையுங்கள். உப்புப்படிவு இருந்தால் நுரைக்கும். நுரை அடங்கும் வரை இரண்டு மூன்று முறை செய்து, கடைசியில் ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தொடாதீர்கள். பித்தளையையும் ஈயப் பற்றையும் தின்றுவிடும். அலசுமுன்னும் பின்னும் ஒரு பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். எங்களுடையதில் முதலில் விரல் தடிமனுக்கும் குறைவாகத்தான் வந்தது; முடிவில் குழாயில் விட்டது அப்படியே வெளியே கொட்டியது.

ஒழுகலுக்கு ரேடியேட்டர் பட்டறைக்குப் போங்கள். கோரின் வாய்களை அடைத்து, 10 முதல் 15 பவுண்டு (பி.எஸ்.ஐ.) அழுத்தத்தில் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஓட்டை குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். அந்தக் காலத்துக் கோர் செம்பும் பித்தளையும். ஈயப்பற்று வைத்தால் நிற்கும். பித்தளைக்குப் பேர்போன கும்பகோணம் பக்கத்தில் இருக்கும்போது நமக்கு என்ன குறை? அந்த உலோகத்தின் குணம் அறிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஒன்றிரண்டு ஓட்டை என்றால் பற்று வைக்கலாம். நாலைந்து இடத்தில் குமிழி வந்தால் தகடு முழுக்க மெலிந்துவிட்டது என்று பொருள். புதுக் கோருக்குப் போய்விடுங்கள், அந்தப் பெட்டியை இரண்டாம் முறை கழற்ற யாருக்கும் மனம் வராது. பிற்காலக் கார்களின் அலுமினியக் கோருக்கு ஈயம் ஒட்டாது; பசை வைத்தவை நான் பார்த்தவரை ஒரு கோடைகூடத் தாண்டவில்லை. மாற்றுவதே சரி.

திரும்ப நிரப்பும்போது

எம்.ஜி.பி.க்கு ஏறக்குறைய 5.5 லிட்டர் வேண்டும், ஹீட்டருக்குக் கூடவே கால் லிட்டர் சொச்சம். நமக்கு உறைபனி பயம் இல்லை. ஆனால் கூலன்டில் உள்ள துருத்தடுப்பு நமக்குத்தான் மிகவும் தேவை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர் என்று கலக்கிறேன். செம்பு பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய வகைப் பச்சைக் கூலன்ட் ஏற்றது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். பச்சையையும் ஆரஞ்சையும் கலக்காதீர்கள். போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு கொதிநிலை ஒன்றரை டிகிரி அளவில் உயர்கிறது, மூடி தளர்ந்தால் அந்தக் காப்பு அத்தனையும் போகும். அதிக அழுத்த எண் போட்ட மூடி நல்லது என்று நினைத்து மாட்டாதீர்கள். உங்கள் வண்டிக்குச் சொன்ன எண்ணே இருக்கட்டும். கூடினால் பழைய கோரில்தான் முதலில் வெடிக்கும்.

வேலை முடிந்ததும் கார்ப்பெட்டை விரிக்க அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும் வெறும் தகட்டில் வெள்ளைத்தாள் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள், தினமும் பத்து நிமிடமாவது ஹீட்டரைத் திறந்து வையுங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் இறங்கலாம், மூன்றாம் நாளிலிருந்து அப்படியே நிற்க வேண்டும். ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை சூடு ஆறியபின் இறுக்குங்கள், ரப்பர் உட்கார்ந்து இடம் விட்டிருக்கும். ஏழாம் நாள் தாள் காய்ந்தே இருந்தால் கார்ப்பெட்டைப் போடலாம்.